அந்தக் காலையை மட்டும் விட்டுவிடு

ஜூன் 4
படப்பிடிப்பு விடுதி, மாடி அறை

அன்புள்ள ஊசிக்காரிக்கு,

உன் நலமும் குட்டியின் நலமும் அறிய ஆவல் என்று தொடங்கினால் நீ சிரிப்பாய். ஆனால் உண்மையிலேயே ஆவல்தான்.

போனில் பேசினால் என் குரல் உன்னை ஏமாற்றிவிடும், எதுவானாலும் எழுது என்று நீ சொன்னதிலிருந்து மறுவாழ்வு இல்லத்தில் இருந்து நான் எழுதியதெல்லாம் 'சாப்பிட்டேன், தூங்கினேன்' கடிதங்கள். இந்தத் தடவை நிஜமாகவே செய்தி இருக்கிறது. எனக்கு சினிமாவில் வேலை கிடைத்திருக்கிறது.

உடனே சிரிக்காதே, முழுவதும் கேள். ஹெராயினுக்கு அடிமையான நான்கு இளைஞர்களைப் பற்றி ஒரு படம் எடுக்கிறார்கள். சோகப் படம் இல்லை, சிரிப்புப் படம். சிரித்துக்கொண்டே இருக்கும்போது வயிற்றைப் பிசைய வேண்டும் என்கிறார் டைரக்டர். அனுபவப்பட்டவர் யாராவது வேண்டும் என்று இல்லத்துக்கு வந்து கேட்டார். நான் சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். கண்காணிப்பாளர் என்னைக் காட்டி, "இவரைக் கூட்டிட்டுப் போங்க. வாயும் இருக்கு, கதையும் இருக்கு" என்றார்.

முதலில் ஒரு சின்ன வேடம் கொடுத்தார்கள். போதையில் சுவரோரம் உட்கார்ந்திருக்க வேண்டும், வசனம் கிடையாது. இதில் என்ன இருக்கிறது, வருஷக்கணக்காகச் செய்ததுதானே என்று உட்கார்ந்தேன். சில டேக் போனதும் டைரக்டர் பக்கத்தில் வந்து குந்தினார். "தப்பா எடுத்துக்காதீங்கண்ணே. பார்த்தா நம்புற மாதிரி இல்ல" என்றார். எனக்குப் பதிலாக உட்கார்ந்தவர் வங்கியில் வேலை பார்க்கிறவர், சிகரெட் கூடத் தொட்டதில்லை. பிரமாதமாகச் செய்தார்.

ஆகையால் இப்போது நான் நடிகன் இல்லை, வாத்தியார். நான்கு பேருக்கும் உட்கார்ந்தபடி தூங்கச் சொல்லிக்கொடுக்கிறேன். தலை கீழே விழக் கூடாது. விழுந்துவிடுமோ என்று பார்ப்பவர்கள் பயந்துகொண்டே இருக்க வேண்டும். அதுதான் பாடம். கதாநாயகனாக நடிப்பவனை எல்லோரும் நெட்டை என்று கூப்பிடுகிறோம். கெட்டிக்காரன், சீக்கிரம் பிடித்துக்கொண்டான்.

படத்தில் வரும் பவுடர் குளுக்கோஸும் கொஞ்சம் கோகோவும் கலந்தது. சாமான்களுக்குப் பொறுப்பான அக்கா முதல் நாள் அந்தப் பொட்டலத்தை மேஜையில் பிரித்ததும் எழுந்து ஓடினேன். குளுக்கோஸ் என்று மூளைக்குத் தெரியும், வயிற்றுக்கு யார் சொல்வது? வாசலில் வாந்தி எடுத்தேன். அக்கா பதறிப்போய் அதே குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தார். குடித்தேன். தெம்பாகத்தான் இருந்தது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நம் குக்கர் கதையைச் சொல்லிவிட்டேன். நீ குளித்துவிட்டு வருகிறாய், அடுப்பு எரிகிறது, மேலே குக்கர் இல்லை. வெந்துகொண்டிருந்ததைத் தட்டில் கவிழ்த்து மூடி வைத்துவிட்டுத்தான் குக்கரை விற்கப் போனேன், அந்த அளவுக்கு நாகரிகம் எனக்கு இருந்தது என்று சொன்னதும் டைரக்டர் நாற்காலியோடு சாய்ந்துவிட்டார். அதைப் படத்தில் வைக்கலாமா என்று கேட்கிறார். உன்னைக் கேட்காமல் சொல்ல மாட்டேன் என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் அப்படிச் சொன்னேன் என்பது வேறு விஷயம்.

படம் முடிந்ததும் ஒரு நாள் வீட்டுக்கு வரலாமா? இல்லத்தில் சரி என்கிறார்கள். நீ என்ன சொல்கிறாய்?

உன்
தூங்குமூஞ்சி


ஜூன் 15
வீடு

தூங்குமூஞ்சிக்கு,

முதலில் ஒன்று. உறையின் மேல் ஊசிக்காரி என்று எழுதாதே. கீழே காவலாளி எல்லோர் முன்னாலும், "அக்கா, ஊசிக்காரின்னு யாரு இருக்காங்க, பின்பக்க வீடா?" என்று கேட்கிறார். உள்ளே எழுதிக்கொள், எனக்கு ஒன்றுமில்லை.

குட்டிக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. அப்பா சினிமாவில் இருக்கிறார் என்று பள்ளியில் சொல்லியிருக்கிறாள். என்ன வேலை என்று கேட்டதற்கு, "எல்லாருக்கும் தூங்கச் சொல்லிக்கொடுக்குறாரு" என்றாளாம். அவளுடைய டீச்சர் என்னைப் பார்த்து, "உங்க வீட்டுக்காரர் யோகா மாஸ்டரா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்ல?

கல்யாணமான புதிதில் நீ நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்குவாய். பாவம், மனுஷனுக்கு வேலைக் களைப்பு என்று ஃபேனைக் கூட்டி வைப்பேன். தினமும் ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுக்கிறவளுக்கு வீட்டில் இருப்பவனின் கையைப் பார்க்கத் தெரியவில்லை. உன் டைரக்டருக்கு இதையும் சொல். நன்றாகச் சிரிப்பார்.

நீ தட்டில் கவிழ்த்தது பாதி வெந்த உருளைக்கிழங்கு. அதைத்தான் நானும் குட்டியும் அன்றைக்குச் சாப்பிட்டோம். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. உன் கடிதத்தைப் படித்தபோது வந்தது. அது எனக்கே பிடிக்கவில்லை.

குக்கரை எடுத்துக்கொள். நீயும் உன் கூட்டாளி தகரமும் செய்த கூத்துகளை எடுத்துக்கொள். என் வளையல் போனதையும் எடுத்துக்கொள். ஒன்றை மட்டும் தொடாதே. எது என்று உனக்குத் தெரியும். ஆனாலும் எழுதிவிடுகிறேன், அப்புறம் 'நீ அதைச் சொல்லவில்லையே' என்று ஆரம்பிப்பாய்.

அன்று காலை குளியலறைத் தரையில் கிடந்தாய். கையில் ஒரு நரம்பு மிச்சமில்லை. குத்திக் குத்தி, தரையெல்லாம் ரத்தம். "நீ போட்டுவிடு, ஒரே ஒரு தடவை, இல்லன்னா செத்துருவேன்" என்றாய். வெளியே குட்டி ஷூ லேஸ் கட்டத் தெரியாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். நான் கதவைச் சாத்தினேன், உன் காலில் நரம்பு தேடினேன், போட்டேன். பிறகு கை கழுவிவிட்டுப் போய் லேஸ் கட்டினேன்.

அந்தக் காலையை மட்டும் விட்டுவிடு. ஊசி பிடிக்கிற கையால் சாப்பிடுகிறவள் நான். தெரிந்தால் வேலை போகும். வேலை மட்டும் போனால் பரவாயில்லை.

வீட்டுக்கு வருவதைப் பற்றிப் படம் முடிந்ததும் பேசுவோம். பத்திரமாக வை என்று நான் கொடுத்த எதையும் நீ வைத்ததில்லை. இதை வைக்கிறாயா, பார்க்கிறேன்.

இப்படிக்கு,
குட்டியின் அம்மா


ஜூன் 30
படப்பிடிப்பு விடுதி

அன்புள்ள ஊசிக்காரிக்கு (உள்ளேதான் எழுதியிருக்கிறேன்),

யோகா மாஸ்டர் வணக்கம் சொல்கிறார்.

அந்தக் காலையை யாரிடமும் சொல்ல மாட்டேன். சத்தியம் செய்யப் போவதில்லை. என் சத்தியங்களை வைத்து நீ ஒரு வீடே கட்டியிருக்கலாம். சொல்ல மாட்டேன், அவ்வளவுதான்.

இந்த வாரம் கதவுக் காட்சி எடுத்தார்கள். நானும் தகரமும் அவன் வீட்டு முன்கதவைக் கழற்றி விற்கக் கொண்டுபோனது உனக்குத் தெரியும். அவன் அம்மா வாசலில் நின்று, "தாழ்ப்பாளையாவது விட்டுட்டுப் போங்கடா" என்று கத்தியதும் தெரியும். உனக்குத் தெரியாத பாதி ஒன்று உண்டு. வழியில் களைத்துப்போய்க் கதவை நடைபாதையில் போட்டு அதன்மேலேயே தூங்கிவிட்டோம். எழுந்து பார்த்தால் எங்களைச் சுற்றிச் சில்லறை. எங்களை விட அந்தக் கதவுக்குத்தான் மதிப்பு என்று தகரம் அதைத் தடவிக் கொடுத்தான். இதை நெட்டையும் இன்னொருவனும் செய்தபோது கேமராக்காரர் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார். நானும் சிரித்தேன். பிறகு அந்தக் கதவின் மேல் உட்கார்ந்து டீ குடித்தேன். தகரம் பக்கத்தில் இல்லாமல் அது ரொம்ப அகலமாக இருந்தது.

இன்னொரு செய்தி. குக்கர் கதையைக் கேட்ட பிறகு கதாநாயகனுக்கு ஒரு மனைவி இருக்கட்டும் என்று முடிவு செய்துவிட்டார்கள். நடிக்க ஒரு பெண் வந்திருக்கிறாள். நல்ல பெண், கேள்விமேல் கேள்வி. அவங்க என்ன வேலை, எப்படிப் பேசுவாங்க, கோபம் வந்தால் எங்கே நிற்பாங்க. லேபில் ரத்தம் எடுப்பாள் என்று சொன்னேன். நிற்பதைச் செய்தே காட்டினேன். ஃபிரிட்ஜில் முதுகைச் சாய்த்து, ஒரு காலை மடக்கி, கையைக் கட்டிக்கொண்டு, மோவாயை மட்டும் தூக்கி, "சொல்லு."

அவள் ஒரு தடவை பார்த்தாள், அப்படியே போய் நின்றாள். "சொல்லு" என்றாள்.

நான் தண்ணீர் குடிக்கப் போவதுபோல வெளியே போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். நெட்டை வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். "அண்ணே, இப்ப நீங்க உட்கார்ந்திருக்கீங்களே, இதை எனக்குச் சொல்லிக்கொடுங்க" என்றான். அடிக்கலாம் போல இருந்தது.

பவுடருக்கு ஏங்கியிருக்கிறேன். அந்த ஏக்கத்துக்கு ஒரு நேரம் உண்டு, ஒரு மருந்து உண்டு. இது அப்படி இல்லை. ஃபிரிட்ஜைப் பார்த்தால் வருகிறது.

உன்
தூங்குமூஞ்சி


ஜூலை 16
வீடு

தூங்குமூஞ்சிக்கு,

அந்தப் பெண் என்னைவிட அழகா என்று கேட்க வேண்டாம் என்றுதான் இருந்தேன். கேட்டுவிட்டேன்.

குட்டிக்கு ஒரு பல் முளைக்கிறது, கொஞ்சம் கோணலாக. உன் வீட்டுப் பல். படத்தைப் பார்க்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம். பெரியவர்களுக்கான படம் என்றேன். "அப்பா பெரியவரா?" என்று கேட்டாள். சந்தேகத்தோடுதான் கேட்டாள்.

லேபில் நடந்தது ஒன்று. போன வாரம் ஒரு இளைஞன் வந்தான். சட்டைக் கையை மணிக்கட்டு வரை இறக்கிப் பொத்தான் போட்டிருந்தான். பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. புதிதாகச் சேர்ந்த பெண் இரண்டு கையிலும் தேடிப் பார்த்துவிட்டு அழாக்குறையாக நின்றாள். அவளை நகரச் சொல்லி, அவனைச் செருப்பைக் கழற்றச் சொன்னேன். முதல் தடவையிலேயே கிடைத்தது. சீனியர் பார்த்துக்கொண்டிருந்தார். "பிரமாதம்! எங்கம்மா கத்துக்கிட்டே?" என்றார்.

"வீட்டில" என்றேன். ஜோக் என்று நினைத்துச் சிரித்தார்.

அந்த இளைஞன் மட்டும் சிரிக்கவில்லை. போகும்போது, "அக்கா, உங்களுக்கு யாரு?" என்று மெதுவாகக் கேட்டான். அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

மழைக்குச் சன்னல் கதவு உப்பிப்போய்ச் சாத்த வருவதில்லை. நீ இருந்தால் கழற்றி விற்றிருப்பாய் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு பழைய துணி ஒன்றைச் செருகி அடைத்தேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
குட்டியின் அம்மா


ஆகஸ்ட் 2
படப்பிடிப்பு விடுதி

அன்புள்ளவளுக்கு,

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

நேற்று சாப்பாட்டு இடைவேளையில் டைரக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அண்ணே, அந்தப் பொண்டாட்டி கேரக்டர் சும்மா நிக்குது. குக்கருக்கு முழிக்குறா, திட்டுறா, அழுறா. அது எல்லாப் படத்துலயும் இருக்கு" என்றார். நான் தலையாட்டினேன். "ஆனா பாருங்க. அவ ரத்தம் எடுக்குறவ. நரம்பு அவளுக்கு அத்துப்படி. இவனுக்கு நரம்பே இல்ல. ஒரு நாள் அவளே போட்டுவிட்டா? கதை தானா அங்கதானே போகுது?"

என் முகம் என்ன ஆனதோ தெரியவில்லை. "அதெல்லாம் நடக்காது சார்" என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். "நடந்துச்சான்னு நான் கேக்கலையேண்ணே" என்றார்.

நான் சொல்லவில்லை. நீ நம்ப வேண்டும். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவராகவே அங்கே வந்து சேர்ந்தார். இரவோடு இரவாக எழுதியும் விட்டார். காலையில் எனக்குப் படிக்கக் கொடுத்தார். ஷூ லேஸ் இல்லை, குட்டி இல்லை. மற்றதெல்லாம் பக்கத்தில் நின்று பார்த்தவன்போல எழுதியிருக்கிறார். மனைவி போட்டுவிட்டு, லேபில் சொல்வதுபோலவே, "அவ்வளவுதான், பஞ்சை அழுத்திப் பிடிங்க. அடுத்தது யாரு?" என்கிறாள். படித்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். பிறகு தாளைக் கவிழ்த்து வைத்தார்கள். படத்திலேயே நல்ல காட்சி அதுதான் என்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அதுதான் கொடுமை.

என்ன செய்யட்டும், சொல்லு.

உன்
தூங்குமூஞ்சி


ஆகஸ்ட் 9

நீ சொல்லவில்லை என்பதை நம்புகிறேன். ஆனால் மனைவி லேபில் ரத்தம் எடுக்கிறவள் என்று சொன்னது யார்? அந்தப் பெண் கேட்டாள், நீ வாயைத் திறந்தாய். பேங்க்கில் வேலை, துணிக்கடையில் வேலை என்று சொல்ல உனக்கு வாய் வரவில்லையா? கூசாமல் பொய் சொன்ன ஆள், ஒரு பொய் தேவைப்பட்ட இடத்தில் உண்மை பேசியிருக்கிறாய்.

எங்கள் லேபில் எல்லோருக்கும் உன் விஷயம் அரசல் புரசலாகத் தெரியும். நீ சினிமாவில் இருப்பதும் தெரியும், உன் மகள் உபயம். அந்தக் காட்சி வந்தால் யாரும் என்னிடம் ஒன்றும் கேட்க மாட்டார்கள். என் கையை மட்டும் பார்ப்பார்கள். என்றைக்காவது குட்டியும் பெரியவளாகி அதைப் பார்ப்பாள். அன்றைக்குக் கதவுக்கு வெளியே நின்றது அவள்.

அந்தக் காட்சியைப் படத்திலிருந்து தூக்கு. எப்படி என்று எனக்குச் சொல்ல வேண்டாம், எனக்குத் தெரியவும் வேண்டாம். தூக்காவிட்டால் இந்த விலாசத்துக்கு இனி எழுதாதே.


ஆகஸ்ட் 27
படப்பிடிப்பு விடுதி

அன்புள்ள ஊசிக்காரிக்கு,

அந்தக் காட்சி படத்தில் இல்லை. இனி வராது. நிம்மதியாக இரு.

எப்படி என்று சொல்ல வேண்டாம் என்று நீயே எழுதியிருந்தாய், அதனால் எழுதவில்லை. டைரக்டர் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. வேலைக்குக் குறையில்லை, "அண்ணே" போய் "சார்" ஆகிவிட்டது, அவ்வளவுதான். நெட்டை மட்டும் என் பக்கம் நின்றான். மனைவியாக நடிக்க வந்த பெண் ஊருக்குப் போய்விட்டாள். கிளம்பும்போது என் அறைக்கு வந்து, "அக்காவை ஒரு நாள் பார்க்கணும்" என்றாள். அவள் உன்னைவிட அழகா என்று கேட்டிருந்தாய். நிற்கும்போது மட்டும் உன்னளவுக்கு இருந்தாள்.

நேற்று தகரத்தின் பஸ் காட்சி. பாதிக் காலியான பஸ்ஸில் சன்னலோரம் தகரமாக நடிப்பவன் உட்கார்ந்திருக்கிறான். கடைசி நிறுத்தம் வருகிறது, எல்லோரும் இறங்குகிறார்கள், அவன் இறங்கவில்லை. தூங்குகிறான் என்று விட்டுவிடுகிறார்கள். பஸ் திரும்பி வருகிறது, மறுபடி போகிறது. கண்டக்டர் டிக்கெட் கேட்டுத் தோளைத் தட்டும் வரை அவன் உயிரோடு இல்லை என்று யாருக்கும் தெரியவில்லை. டிக்கெட் எடுக்காமல் இவ்வளவு தூரம் போன ஒரே ஆள் என்று நாங்கள் அப்போது சொல்லிச் சிரித்ததைப் படத்திலும் வைத்திருக்கிறார்கள். தலையை எப்படிச் சாய்க்க வேண்டும் என்று நான்தான் சொல்லிக்கொடுத்தேன். அந்த நடிகன் கேட்டான்: "தூங்குறதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்ணே?" ஒன்றுமில்லை, அதுதான் பயம் என்றேன்.

அது நானாக இருந்திருக்கலாம். நான் ஏன் இல்லை என்று நேற்று முழுக்க யோசித்தேன்.

அடுத்த வாரம் இல்லத்துக்குத் திரும்புகிறேன். நீ கேட்டதைச் செய்துவிட்டேன், அதனால் நீ எனக்கு எதுவும் செய்ய வேண்டும் என்றில்லை. கேட்க மட்டும் கேட்கிறேன். ஒரு நாள் வரட்டுமா?

உன்
தூங்குமூஞ்சி


நவம்பர் 20
மறுவாழ்வு இல்லம்

அன்புள்ளவளுக்கு,

நீ பதில் எழுதவில்லை. எழுத வேண்டும் என்று கட்டாயமில்லை. பழையபடி பாத்திரம் தேய்க்கிறேன். தபால் வரும் நேரத்தில் மட்டும் வாசல் பக்கம் பெருக்குகிறேன். இங்கே வாசல் இவ்வளவு சுத்தமாக எப்போதும் இருந்ததில்லை என்று கண்காணிப்பாளர் பாராட்டினார்.

படம் வெளியாகிவிட்டது. இல்லத்தில் இருந்து எங்களை ஒரு வண்டியில் கூட்டிப்போய்க் காட்டினார்கள். நம் ஆட்கள் சிரிக்க வேண்டாத இடத்தில் எல்லாம் சிரித்தார்கள், சிரிக்கும் இடத்தில் அமைதியாக இருந்தார்கள்.

நீ பார்க்கப் போகிறாயா என்று தெரியவில்லை. பார்த்தால் உனக்குப் பயப்பட ஒன்றுமில்லை. அதை மட்டும் சொல்லிக்கொள்ளலாம். வேறு ஏதாவது உனக்குத் தப்பாகத் தெரிந்தால், அப்படிச் செய்ய வேண்டும் என்று நான் நினைக்கவில்லை, வேறு வழி தெரியவில்லை.

குட்டியின் பல் நேரானதா? கோணலாகவே இருந்தாலும் இருக்கட்டும்.

உன்
தூங்குமூஞ்சி


டிசம்பர் 11
வீடு

தூங்குமூஞ்சிக்கு,

இத்தனை நாள் எழுதாததற்குக் காரணம் இருக்கிறது. அந்தக் காட்சி படத்தில் இல்லை என்று நீ எழுதினாய். நீ 'இல்லை' என்று சொன்னவையெல்லாம் எங்கள் வீட்டில் ஏதாவது ஒரு மெத்தைக்கு அடியில் இருந்திருக்கின்றன. கண்ணால் பார்க்காமல் பதில் எழுத மாட்டேன் என்று இருந்தேன்.

நேற்று லீவு போட்டுவிட்டுப் பகல் காட்சிக்குப் போனேன், தனியாக. கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். அந்தக் காட்சி வந்தால் எழுந்து போக வசதியாக இருக்கும் என்று.

கதவு வந்தது. தியேட்டரே அதிர்ந்தது. தகரத்தின் அம்மா தாழ்ப்பாளைக் கேட்டபோது எனக்குக் கண்ணில் தண்ணீர் வருமளவு சிரிப்பு. பிறகு குக்கர். அடுப்பு எரிகிறது, மேலே ஒன்றுமில்லை. குளியலறைக் கதவு திறக்கும், நான் வருவேன் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தது வாடகை கேட்க வந்த வீட்டுக்காரர். தட்டைத் திறந்தார், உருளைக்கிழங்கு ஒன்றை எடுத்து வாயில் போட்டார், "உப்பு பத்தல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும். சிரித்து முடித்த பிறகுதான் உறைத்தது. இவனுக்கு மனைவி இல்லை.

இடைவேளைக்குப் பிறகு வருவாள் போல என்று பொறுத்திருந்தேன். வரவில்லை. மகளும் இல்லை. ஃபிரிட்ஜ் இருந்தது, அதன்மேல் யாரும் சாயவில்லை. ஒரு காட்சியைத் தூக்கு என்று சொன்னால் ஆளையே தூக்கியிருக்கிறாய். எதையும் அளவோடு செய்ய உனக்கு என்றைக்குத் தெரிந்திருக்கிறது?

குளியலறையும் வந்தது. நெட்டை தரையில் தனியாகக் கிடக்கிறான். ஊசி கைநழுவி உருள்கிறது, தவழ்ந்து போய்ப் பிடிக்கிறான், மறுபடி உருள்கிறது. கூட்டம் முதலில் சிரித்தது. பிறகு ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். என் பக்கத்தில் ஒரு வயதான அம்மா, மகனோடு வந்திருந்தார். "ஏன்டா, இவனுக்குன்னு யாருமே இல்லையா?" என்று மகனிடம் கேட்டார். "படம்தானம்மா" என்றான் அவன். நான் இருட்டில் என் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டிருந்தேன். நான் இருக்கேன் என்று சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருந்தது.

கோபமா என்று கேட்டால், கோபம்தான். ஆனால் யார் மேல் என்று தெரியவில்லை. நான் கேட்டதைத்தான் நீ செய்தாய். பத்திரமாக வை என்று கொடுத்ததை முதல் தடவையாக வைத்தாய். படத்தின் நல்ல காட்சியை விட்டிருக்கிறாய், டைரக்டரின் பிரியத்தை விட்டிருக்கிறாய். நன்றி. லேபில் இருந்து கூட்டமாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். சீனியர் குக்கர் காட்சியைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார். யாரும் என் கையைப் பார்க்கவில்லை.

யாருக்கும் தெரியாது, இனியும் தெரியாது. எனக்கு இப்போது அதுதான் கஷ்டமாக இருக்கிறது. தியேட்டரில் இருந்து நடந்தே வீட்டுக்கு வந்தேன். வழியெல்லாம் யாரிடமாவது பேச வேண்டும் போல இருந்தது. உன் கால் எவ்வளவு சில்லென்று இருந்தது, நான் போட்டது சரியா தப்பா, போடாமல் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும், அப்போது நீ என்னைப் பார்த்துச் சிரித்தாயா அல்லது எனக்கு அப்படித் தோன்றியதா. அந்தக் காலையை ஞாபகப்படுத்துகிற முகம் என்றுதான் உன்னை இவ்வளவு நாள் வாசலுக்கு வெளியே வைத்திருந்தேன். நேற்று நடந்து வரும்போது புரிந்தது. அதைப் பேச இந்த உலகத்தில் எனக்கு உன்னைத் தவிர ஆள் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை காலை வா. குட்டியைத் தோழி வீட்டில் விட்டுவிடுவேன். அவர்கள் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கொண்டுவந்து விடுவார்கள்.

வந்ததும் மன்னிப்பு கேட்க ஆரம்பிக்காதே. அதில் நீ கைதேர்ந்தவன். நான் உருகிவிடுவேன், விஷயம் அப்படியே நின்றுவிடும். நான் கேட்பதற்கு மட்டும் பதில் சொல். ஞாபகம் இருந்தால் இருக்கிறது என்று சொல், இல்லையென்றால் இல்லை என்று சொல். பேசி முடித்த பிறகு என்ன என்று எனக்கு இப்போது தெரியாது. முடிந்ததும் நீ இல்லத்துக்குத் திரும்பிப் போகலாம்.

ஆனால் குட்டி வருவதற்குள் நாம் பேசி முடித்துவிடுவோம் என்று எனக்குத் தோன்றவில்லை.

இப்படிக்கு,
ஊசிக்காரி